ஒரு டிரம், இரண்டு கிரில்: சபைக் குக்கவுட்டுக்குக் குறைந்த செலவில் நீங்களே செய்துகொள்ளும் வழி

டெக்சாஸுக்குப் புதிதாகக் குடிவந்து ஒரு தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் சேர்ந்த சில மாதங்களுக்குள், "பிரதர், இந்த முறை கிரில் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று குக்கவுட் என்னும் திறந்தவெளிச் சமையல் விருந்துக்காக யாராவது ஒரு மூப்பர் கேட்டுவிடுவார். சரி என்று தலையாட்டிவிட்டு, அதன் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 55 கேலன் இரும்பு டிரம் ஒன்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால், வெல்டிங் இல்லாமல், போல்ட் நட்டு மட்டும் கொண்டு, கழற்றி மினிவேனில் ஏற்றக்கூடிய இரண்டு திறந்த கிரில்கள் கிடைக்கும். இரும்பு வேலை ஒரு வார இறுதியில் முடிந்துவிடுகிறது. என்னை அலைக்கழித்தவை அனுமதிக் கடிதங்களும் சரியான டிரம்மைத் தேடியதும்தான். ஆகவே அவற்றையே முதலில் வைத்திருக்கிறேன்.

மூடி வைத்த ஒரே கிரில்லாகச் செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். பெரிய இறைச்சித் துண்டை மணிக்கணக்கில் புகையில் வேகவைப்பவர்களுக்கு அது பொருந்தும். சபைக்கு இரண்டு திறந்த கிரில்களே நல்லது என்பது என் முடிவு. அழைப்பை ஏற்று வரும் அயலாரில் சைவம் உண்பவர்கள் இருப்பார்கள்; மாட்டிறைச்சி தொடாதவர்கள் இருப்பார்கள். ஒரு கிரில்லைச் சோளத்துக்கும் பன்னீருக்கும் காய்களுக்கும் மட்டும் ஒதுக்கிவிட்டால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

1. இடத்தையும் தேதியையும் எழுத்தில் உறுதி செய்யுங்கள் (ஆறு வாரம் முன்பே)

நம் சபைகளில் பல சொந்தக் கட்டடம் இல்லாமல், ஓர் அமெரிக்கச் சபையின் அரங்கை ஞாயிறு பிற்பகலில் வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்துகின்றன. வாடகை ஒப்பந்தம் அரங்குக்கானது. வாகன நிறுத்துமிடத்தில் கரி எரிப்பதற்கு அது அனுமதி ஆகாது. எனவே கட்டடத்தின் பொறுப்பாளரிடம் தேதி, நேரம், கிரில் நிற்கப் போகும் இடம், வருவோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பி, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் கேட்பது உங்கள் சபையின் காப்பீட்டுச் சான்றிதழ். அதில் இடத்தின் உரிமையாளரைக் கூடுதல் காப்பீடு பெறுபவராகச் சேர்க்கச் சொல்வார்கள். சபையின் காப்பீட்டு முகவரிடம் சொன்னால் எழுதித் தருவார். ஆனால் உரிமையாளரின் சட்டப்பூர்வமான பெயரும் முகவரியும் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். பெயரில் ஒரு சொல் மாறினாலும் சான்றிதழ் திரும்பி வரும். இன்னொரு வாரம் போகும்.

பூங்காவில் நடத்துவதானால், கூரையுள்ள பந்தலை நகராட்சியிடமோ கவுண்டியிடமோ (மாவட்ட நிர்வாகத்திடமோ) முன்பதிவு செய்ய வேண்டும். ஊர்வாசிகளுக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு அதைவிடக் கூடுதல் என்பது பல ஊர்களில் வழக்கம். ஆகவே அந்த ஊர் முகவரி உள்ள உறுப்பினர் ஒருவரின் பெயரில் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். மே மாதக் கடைசித் திங்கள் வரும் மெமோரியல் டே, ஜூலை 4, செப்டம்பர் முதல் திங்கள் வரும் லேபர் டே ஆகிய மூன்று விடுமுறைகளுக்கும் பந்தல்கள் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். என்னைக் கேட்டால் ஏப்ரல் அல்லது அக்டோபர் மாதச் சனிக்கிழமையே மேல். வெயிலும் குறைவு, இறைச்சி கெடும் அபாயமும் குறைவு.

இங்கே உள்ள பொறி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல பூங்காக்கள் தாங்கள் நட்டு வைத்திருக்கும் கிரில்லில் மட்டுமே சமைக்க விடும். சில பூங்காக்கள் வெளியிலிருந்து கேஸ் அடுப்பைக் கொண்டுவர விட்டாலும் கரியை விடுவதில்லை. "கிரில் கொண்டு வரலாமா?" என்று மட்டும் கேட்டால் ஆமாம் என்ற பதில் வரும், அது கேஸ் கிரில்லை மனத்தில் வைத்துச் சொன்ன ஆமாமாக இருக்கும். "கரியில் எரியும், எங்கள் சொந்தக் கிரில் இரண்டு" என்று முழுவதுமாக எழுதிக் கேளுங்கள்.

2. சுகாதாரத் துறையும் தீயணைப்புத் துறையும்

உறுப்பினர்களும் அவர்களின் விருந்தினர்களும் மட்டும் உண்ணும் விருந்துக்குப் பொதுவாகத் தற்காலிக உணவு அனுமதி கேட்கப்படுவதில்லை. ஊருக்கே விளம்பரம் செய்தாலோ, கட்டட நிதிக்காகத் தட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று விற்றாலோ நிலைமை மாறிவிடும். விதி ஊருக்கு ஊர் வேறுபடுவதால் உங்கள் நகர அல்லது கவுண்டி சுகாதாரத் துறையைத் தொலைபேசியில் அழைத்து, "விற்கிறோம்" அல்லது "விற்கவில்லை" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். விண்ணப்பம் தேவைப்பட்டால், நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுவது நிம்மதி. ஆய்வாளர் வந்தால் முதலில் பார்ப்பது கை கழுவும் இடத்தை. குழாய் வைத்த ஐந்து கேலன் தண்ணீர் கேன், சோப்பு, பேப்பர் டவல், கழிவுநீர் விழ ஒரு வாளி ஆகியவை அனுமதி தேவைப்படாத விருந்திலும் இருக்கட்டும்.

தீ விஷயத்தில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. டெக்சாஸில் வறட்சிக் காலத்தில் கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர்கள் மன்றம் திறந்தவெளித் தீக்குத் தடை விதிக்கலாம். கிரில்லுக்கு அத்தடையில் விலக்கு உண்டா என்பது அந்த ஆணையின் வாசகத்தைப் பொறுத்தது. நிகழ்ச்சிக்கு முந்தைய வாரமும், அன்று காலையும் கவுண்டியின் இணையதளத்தைப் பாருங்கள். இரண்டாவது, அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கானது: மரத்தாலான பால்கனியிலோ, தீப்பற்றக்கூடிய சுவரிலிருந்து 10 அடிக்குள்ளோ கரி அடுப்பை எரிக்கப் பல நகரங்கள் பின்பற்றும் தீ விதி அனுமதிப்பதில்லை. ஆகையால் செய்து முடித்த கிரில்லை உங்கள் பால்கனியில் சோதித்துப் பார்க்காதீர்கள். தனிவீடும் கொல்லையும் உள்ள உறுப்பினர் ஒருவரை இப்போதே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. டிரம்மைத் தேர்ந்தெடுத்தல்

இந்த வேலையில் காசைவிடக் கண்ணைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் கிரெய்க்ஸ்லிஸ்டிலும் பழைய இரும்பு டிரம் 20 முதல் 50 டாலருக்குள் கிடைக்கும். உணவுப்பொருள் இருந்த டிரம், அதுவும் உள்ளே பூச்சு இல்லாதது, அதுவும் மேலும் கீழும் அடைத்து, இரண்டு திருகுத் துளைகள் மட்டும் உள்ள வகை என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

விற்பவர் "ஜூஸ்தான் இருந்தது" என்று சொல்வது போதாது. ஒட்டுச்சீட்டு இருக்க வேண்டும். சீட்டு கிழிக்கப்பட்டிருந்தால் அந்த டிரம்மை எடுக்காதீர்கள். பெயின்ட், தின்னர், இயந்திர எண்ணெய், ரசாயனம் இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் மூலையிலும் மடிப்பிலும் தங்கிய ஆவி, இரும்பு வெட்டும் கிரைண்டரின் ஒரு பொறியில் வெடித்துவிடும். இப்படி உயிரிழந்தவர்கள் உண்டு.

பெரிய துளையின் மூடியைத் திருகி எடுத்து, கைவிளக்கை உள்ளே அடித்துப் பாருங்கள். மங்கிய வெள்ளி நிறத்தில் வெற்று இரும்பு தெரிந்தால் நல்லது. ஆங்காங்கே துரு இருந்தாலும் பாதகமில்லை. பொன்னிறமாகவோ செங்கல் நிறமாகவோ வழவழப்பாக மின்னினால் அது எபாக்சி, பீனாலிக் போன்ற உட்பூச்சு. நெருப்பில் அது கருகிப் புகைந்து உணவில் படியும். எரித்து எடுத்துவிடலாம் என்று விற்பவர் சொல்வார். பூச்சை எரிக்கும் நச்சுப் புகையைக் குடியிருப்புப் பகுதியில் கிளப்புவதைவிட இன்னொரு டிரம் தேடுவது எளிது. துத்தநாகம் பூசிய டிரம்மும் வேண்டாம். துத்தநாகம் ஏறத்தாழ 420 டிகிரி செல்சியஸில் உருகும், அதன் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் குமட்டலும் வரும்.

4. மற்றப் பொருள்களும் செலவும்

இரண்டு கிரில்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சமைக்கும் வலைக்கு, சாய்சதுரக் கண்கள் கொண்ட எக்ஸ்பாண்டட் மெட்டல் தகடு, ஒன்பதாம் கேஜ் தடிமன், 24க்கு 48 அங்குலம், இரண்டு தேவை; தகடு ஒன்று 35 முதல் 60 டாலர். பூச்சில்லாத வெற்று இரும்பாக இருக்கட்டும். சட்டத்துக்கும் கால்களுக்கும் ஓர் அங்குல ஆங்கிள் (L வடிவ) இரும்பு, 20 அடி நீளத்தில் மூன்று. இதை ஹோம் டிப்போவில் நான்கு அடித் துண்டுகளாக வாங்கினால் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரும்பு யார்டில் முழு நீளமாக வாங்கினால் மூன்றுக்கும் 75 முதல் 100 டாலர். சிறு கட்டணத்துக்கு அளவு சொன்னபடி வெட்டியும் தருவார்கள். போல்ட், வாஷர், சிறகு நட்டு ஆகியவற்றுக்கு 25, வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயின்ட்டுக்கு 20, வெட்டும் சக்கரங்களுக்கு 15 டாலர். டிரம்மையும் சேர்த்து 225 முதல் 330 டாலருக்குள் முடியும். கிரைண்டரும் டிரில்லும் சபையில் யாரிடமாவது இருக்கும். ஞாயிறு அறிவிப்பில் சொன்னால் போதும்.

கரி பற்றவைக்கும் சிம்னி (உருளை வடிவ இரும்புக் குழாய்), இறைச்சி வெப்பமானி, ஏ.பி.சி. வகைத் தீயணைப்பான், மூடியுள்ள இரும்பு வாளி ஆகியவற்றுக்குத் தனியாக 100 டாலர் ஒதுக்குங்கள். கணக்கை மூப்பர்களிடம் காட்டும்போது இதையும் சேர்த்தே காட்டுங்கள். பிறகு கேட்டால் கொடுக்க மனம் வராது.

பழைய குளிர்சாதனப் பெட்டியின் கம்பித்தட்டைச் சமைக்கும் வலையாகப் பயன்படுத்தும் யோசனை யாரிடமிருந்தாவது வரும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய தட்டுகள் சிலவற்றில் காட்மியம் பூசியிருப்பார்கள். சூட்டில் அது உணவில் கலக்கும். நெருப்புக்கு அருகே வரும் போல்ட்டுகளும் துத்தநாகம் பூசாதவையாகவோ எவர்சில்வராகவோ இருக்க வேண்டும்.

5. வெட்டுதல்

இரண்டு துளைகளின் மூடிகளையும் எடுத்துவிட்டு, டிரம் நிறையச் சுடுநீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் ஊற்றி ஊறவைத்து, உருட்டிக் கழுவிக் கவிழ்த்துக் காயவிடுங்கள். வெட்டி முடியும் வரை துளைகள் திறந்தே இருக்க வேண்டும்.

மேல்முகப்பில் பெரிய துளையும் சிறிய துளையும் எதிரெதிரே விளிம்பையொட்டி இருப்பதைக் காண்பீர்கள். இரண்டையும் இணைக்கும் கோட்டுக்குக் குறுக்கே, செங்குத்தாக, மையத்தின் வழியே வெட்டுக்கோட்டைப் போடுங்கள். அப்படி வெட்டினால் இரண்டு பாதியிலும் அடிப்பாகத்தில் ஒரு காற்றுத்துளை தானாகவே அமைந்துவிடும். வெட்டுக்கோடு டிரம்மின் பக்கவாட்டு வெல்டிங் தையலின் மேல் விழுந்தால் மட்டும் ஓர் அங்குலம் நகர்த்திக்கொள்ளுங்கள். தையல்காரரின் நாடாவைச் சுற்றிலும் பிடித்தால் ஏறத்தாழ 72 அங்குலம் வரும். அதில் பாதியைக் குறித்து, மேலிருந்து கீழாக இரண்டு கோடுகள் இழுங்கள்.

முகக்கவசம், காது அடைப்பான், தோல் கையுறை, முழுக்கை பருத்திச் சட்டை ஆகியவை இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். செயற்கை இழைச் சட்டையில் பொறி விழுந்தால் உருகித் தோலில் ஒட்டும். இரு பக்கங்களையும் முழுதாக வெட்டாமல் நடுவில் கையகலம் விட்டு, முகப்புகளை வெட்டிய பிறகு அந்த மிச்சத்தை வெட்டுங்கள். இல்லாவிட்டால் டிரம் வாயை மூடிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். பிறகு விளிம்பு முழுவதையும் அரம் கொண்டு தேய்த்துப் பிசிறு எடுங்கள். காற்றுத்துளை இல்லாத மறுமுகப்பில், அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் முக்கால் அங்குலத் துளைகள் மூன்று போடுங்கள். சிறிய துளை விழுந்த பாதிக்கு, அந்தப் பக்கத்திலும் கூடுதலாக இரண்டு போடுங்கள்.

6. சட்டம், வலை, கால்கள்

ஒவ்வொரு பாதிக்கும் 40 அங்குல ஆங்கிள் இரண்டு வெட்டிக்கொண்டு, வெட்டிய நீள விளிம்புகளின் வெளிப்பக்கத்தில், விளிம்பும் ஆங்கிளின் மேல்தளமும் ஒரே மட்டமாக நிற்கும்படி போல்ட் போடுங்கள். தகடு விறைப்பாகும், கூர்விளிம்பும் கையில் படாது. டிரம் ஏறத்தாழ 35 அங்குலம் நீளம் என்பதால் இரு பக்கமும் ஆங்கிள் சற்று நீண்டு நிற்கும். அந்த நீட்டல்தான் காலின் மேல் அமரப் போகிறது.

வலைத்தகட்டை 35 அங்குலத்தில் வெட்டுங்கள். அது ஆங்கிளின் மேல் படுக்கும் சமையல் வலை. தொய்யாமல் இருக்க நடுவில் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி கொடுங்கள். மிஞ்சும் 13க்கு 24 அங்குலத் துண்டு கரி வலை. அதைத் தொட்டிக்குள் போட்டால், வளைவில் இரு பக்கமும் முட்டி, அடியிலிருந்து ஏறத்தாழ 2 அங்குல உயரத்தில் தானே நின்றுகொள்ளும். அந்த இடைவெளியில்தான் காற்று நுழையும், சாம்பல் விழும். அதன் நீளம் தொட்டியைவிடக் குறைவாக இருப்பதும் நன்மைக்கே. அதை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டால் மறுபக்கத்தில் தணல் இல்லாத ஒரு பகுதி கிடைக்கும். கொழுப்பு சொட்டித் தீ எழும்போது துண்டுகளை அங்கேதான் நகர்த்துவீர்கள்.

கால்களுக்கு ஒரு கிரில்லுக்கு இரண்டு முட்டுகள். ஒவ்வொன்றிலும் 34 அங்குலக் கால் இரண்டு, மேலும் கீழும் 24 அங்குலக் குறுக்குக்கட்டை இரண்டு. கால்கள் கீழே சற்று விரிந்து நிற்கட்டும். ஆங்கிளின் நீட்டலை மேல் குறுக்குக்கட்டையில் வைத்துச் சிறகு நட்டால் முடுக்கி, முட்டுக்கும் நீள ஆங்கிளுக்கும் இடையே மூலைவிட்டமாக ஒரு துண்டையும் மாட்டுங்கள். இந்த மூலைவிட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடும் இடத்தில் நீளவாக்கில் ஆடும் கிரில்லை நிறுத்தக் கூடாது. கூட்டிய பிறகு இடுப்பால் தள்ளிப் பாருங்கள்; அசைந்தால் முடுக்குங்கள்.

பெயின்ட் வெளிப்பக்கத்துக்கு மட்டும். உள்ளேயும் வலையிலும் துளியும் படக் கூடாது. காய்ந்ததும், உணவு வைக்காமல், ஒரு மணி நேரத்துக்கு மேல் விறகுத் தீ மூட்டி எரியவிடுங்கள். ஆறிய பின் வலையிலும் உட்புறத்திலும் சமையல் எண்ணெய் தடவி மறுபடி சூடாக்கினால் துரு பிடிக்காத கறுப்பு ஏறும், நம் வீட்டு இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான். எரிக்கும் விறகில் கவனம் தேவை: பச்சை நிறம் ஏறிய பழைய வேலி மரத்தில் ஆர்செனிக் இருக்கலாம், சரக்குப் பலகைகளில் எம்.பி. (MB) முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு ஏற்றியது என்று பொருள்.

7. அன்றைய நாள்

ஒரு கிரில்லின் பரப்பு 700 சதுர அங்குலத்துக்குச் சற்று மேல். தணலில்லாத பகுதியைக் கழித்தால், ஒரே நேரத்தில் 18 முதல் 20 பர்கர் கொள்ளும். பத்து நிமிடத்துக்கு ஓர் ஈடு. எலும்புள்ள கோழித் துண்டு 35 முதல் 45 நிமிடம் பிடிக்கும். நூறு பேருக்குக் கோழி மட்டும் என்று திட்டமிட்டால் வரிசை நகராது. எலும்பில்லாத தொடைக்கறியை மசாலாவில் ஊறவைத்துக் கொண்டுவந்தால் நேரம் பாதியாகக் குறையும். மசாலாவில் சர்க்கரையும் தேனும் வேண்டாம், உள்ளே வேகும் முன் வெளியே கருகிவிடும்.

சிம்னி இரண்டு நிறையக் கரி ஒரு கிரில்லுக்குப் போதும். சிம்னிக்கு அடியில் செய்தித்தாளைச் சுருட்டி வைத்துப் பற்றவைத்தால் 15 முதல் 20 நிமிடத்தில் மேற்கரி வரை சாம்பல் பூக்கும். அதன் பிறகே கொட்டிப் பரப்புங்கள். எரியும் தணலில் லைட்டர் திரவத்தைப் பீய்ச்ச யாரையும் விடாதீர்கள். மழை வந்தாலும் கிரில்லைக் கூடாரத்துக்குள்ளோ அரங்கின் வாசலுக்குள்ளோ நகர்த்தாதீர்கள். கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கோழி உள்ளே 165 டிகிரி பாரன்ஹீட், அரைத்த இறைச்சி 160, மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி முழுத்துண்டுகள் 145 தொட்டு மூன்று நிமிடம் ஓய்வு என்பது அமெரிக்க வேளாண் துறையின் அளவு. நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, மஞ்சளும் மிளகாயும் சேர்ந்த நம் மசாலாவில் எல்லாமே வெந்தது போலத் தெரியும். பச்சை இறைச்சி பனிக்கட்டியோடு 40 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். சமைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, வெளியே 90 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். ஜெபமும் அறிமுகமும் நீளும் என்று தெரிந்தால், அவை முடியும் தறுவாயில் முதல் ஈட்டைப் போடுங்கள். பாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

8. சாம்பலும் சேமிப்பும்

தணல் அணைந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, இரண்டு நாள் கழித்தே குப்பையில் போடுங்கள். பூங்காவின் பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி இதற்கு இடமில்லை. சில பூங்காக்களில் சுடுகரிக்கென்றே தனித்தொட்டி இருக்கும். வலையைக் கம்பி பிரஷால் தேய்த்தால், உதிர்ந்த கம்பி முள் உணவில் போகாதபடி ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

ஒரு தொட்டியின் எடை ஏறத்தாழ 20 பவுண்டுதான். இரண்டையும் வாயோடு வாயாகக் கவிழ்த்து, எண்ணெய் தடவிய வலைகளை நடுவே வைத்து, கால்களைக் கட்டாகக் கட்டினால் கராஜின் ஒரு மூலை போதும். சிறகு நட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுத் தொட்டியோடு கம்பியால் கட்டிவிடுங்கள், தனியே வைத்தால் அடுத்த குக்கவுட்டன்று காலையில் கடை திறக்கக் காத்திருக்க நேரும். காப்பீட்டுச் சான்றிதழ், இட அனுமதி, டிரம்மின் ஒட்டுச்சீட்டின் புகைப்படம் ஆகியவற்றைச் சபைச் செயலாளரின் கோப்பில் சேர்த்துவிடுங்கள். அடுத்த ஆண்டு பொறுப்பேற்பவர் தேதியை மட்டும் மாற்றி அனுப்பிக்கொள்ளலாம்.